மண்ணைத் தட்டிப் பார்க்கும் ரோலர்

நேயர்களுக்கு வணக்கம். பஸ் பாலத்தில் ஏறும் இடத்தில் நம்மைத் தூக்கிப் போடுகிறதே, அதற்கு ஒரு முக்கியக் காரணம், பாலத்தை ஒட்டிக் கொட்டிய மண் சரியாக இறுகாமல் பின்னாளில் அமிழ்ந்துபோவது.

சாலைக் கரைக்கு மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, அதிர்வு ரோலரால் இறுக்குகிறோம். இறுகியதா என்று அறியச் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, மணல் ஊற்றிக் குழியின் கொள்ளளவைக் காண்கிறோம். கிடைத்த அடர்த்தியை, அதே மண் ஆய்வகத்தில் எட்டிய உச்ச அடர்த்தியோடு ஒப்பிடுகிறோம். அந்த உச்சத்தைக் காணும் வழியை 1933-இல் வகுத்துத் தந்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் பொறியாளர் ரால்ஃப் புரொக்டர். நம்பகமான சோதனைதான். ஆனால் ஆயிரம் சதுர மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு குழி என்றால், நாம் பார்த்தது ஒன்றேகால் லட்சத்தில் ஒரு பங்கு நிலம். நான் பணியாற்றிய ஒரு கரையில் எல்லாக் குழிகளும் தேறின. முதல் மழைக்காலத்திலேயே, இரண்டு குழிகளுக்கு நடுவே கரை உள்வாங்கியது. அன்றிலிருந்து குழிக் கணக்கு மட்டும் எனக்குப் போதுவதில்லை.

பானை வாங்குகிறவர் அதைத் தட்டி ஓசை கேட்பார் அல்லவா? ஸ்வீடனில் ஹைன்ஸ் துர்னர் 1970-களில் ரோலரை அப்படித்தான் பயன்படுத்தினார். தளர்ந்த மண்ணின்மேல் ரோலரின் உருளை சீராக அதிரும். மண் இறுக இறுக, அதே அதிர்வோடு இரு மடங்கு வேகமுள்ள இன்னோர் அதிர்வும் கலக்கும். எவ்வளவு கலக்கிறது என்பதை உருளையில் பொருத்திய உணரி அளக்கிறது. இன்று செயற்கைக்கோள் வழியாக ரோலர் நிற்கும் இடமும் துல்லியமாகத் தெரிவதால், ஓட்டுநரின் முன்னால் உள்ள திரையில் கரை முழுவதும் வண்ணப் படமாக விரிகிறது. எங்கே எத்தனை முறை ஓட்டினோம், எங்கே இன்னும் இறுகவில்லை என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். போதுமான அளவு இறுகிய இடத்தில் மேலும் மேலும் ஓட்டி டீசலை வீணாக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உணரி காட்டுவது மண்ணின் விறைப்பு, அடர்த்தி அன்று. காய்ந்த களிமண் செங்கல்லைப் போல விறைத்து நிற்கும், திரையும் பச்சை காட்டும். அதில் மழைநீர் இறங்கினால் நிலைமை வேறு. ஆகவே ஈரப்பதத்தைத் தனியே சோதித்தே தீர வேண்டும். குழியையும் விடக் கூடாது, ஆனால் கண்போன போக்கில் தோண்டாமல், படத்தில் மிக மோசமாகத் தெரியும் இடத்தில் தோண்டுங்கள். அது தேறினால் மற்ற இடங்களைப் பற்றிய கவலை பெருமளவு குறையும்.

இனி அந்தப் பாலத்துக்கே வருகிறேன். பாலச் சுவரை ஒட்டிய மூலைக்குள் பெரிய ரோலர் நுழைய முடியாது. திரையிலும் அந்த இடம் நிறமின்றி வெறுமையாக இருக்கும். அங்கே மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, கையால் இயக்கும் சிறு இயந்திரத்தால் இறுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் குழி தோண்டிப் பார்த்த பிறகே அடுத்த லாரி மண்ணைக் கொட்ட விடுங்கள்.