ஒப்பந்தத்தின் மறுபாதி

நேயர்களுக்கு வணக்கம். நான் குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவர். போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய் வந்தார். ஐந்து வயது மகனுக்குத் தினமும் வலிப்பு. "டாக்டர், கஞ்சா எண்ணெய் கொடுத்தா நிக்குமாமே, யூடியூப்ல பார்த்தேன்" என்றார். பேசும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

1961-இல் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் வைத்தது. அதைத் தழுவி 1985-இல் நம் போதைப்பொருள் சட்டம் வந்தது. அதே ஒப்பந்தத்தின் முகவுரை, வலி தீர்க்க இம்மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பாதியை நாம் சரியாகப் படிக்கவில்லை.

அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்பினைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது எப்போதும் உண்டு. இங்கே 1985-க்குப் பிறகு உரிமம் மேல் உரிமம் கேட்டதால் மருந்துக்கடைகள் அதை வைப்பதையே விட்டுவிட்டன. பயிற்சிக் காலத்தில், புற்றுநோய் வலியில் இரவெல்லாம் கத்தியவர்களுக்குக் கொடுக்க மார்பின் இல்லாமல் நின்றிருக்கிறேன். சட்டம் திருந்த 2014 ஆயிற்று.

கஞ்சாவுக்கும் இப்போது அதே கட்டம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2018-இல் ஆய்வு செய்து, நான்காம் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்றது. பரிந்துரைக்கத்தான் அதனால் முடியும். முடிவெடுப்பது வியன்னாவில் கூடும், 53 நாடுகள் கொண்ட ஐ.நா. போதைப்பொருள் ஆணையம். 2020 டிசம்பர் 2-இல் 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு, ஒன்று நடுநிலை. இந்தியா ஆதரித்தது. நம் ஒரு வாக்கு எதிராகப் போயிருந்தால் பரிந்துரை தோற்றிருக்கும்!

அப்புறம்? நான்காம் பட்டியலிலிருந்து நீங்கினாலும், அதே ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் கஞ்சா இன்னும் இருக்கிறது, கட்டுப்பாடு தொடர்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் நம் சட்டத்திலேயே மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இடம் உண்டு. பயிரிட அனுமதி தரும் அதிகாரத்தைப் பத்தாம் பிரிவு மாநில அரசுகளுக்குக் கொடுக்கிறது. வியன்னாவில் கை தூக்கிய நாடு, இங்கே தரம் பார்த்த மருந்தும் முறையான ஆய்வும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

அந்தத் தாயிடம் சொன்னேன்: கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத பொருளான கன்னாபிடியாலைச் சுத்திகரித்துச் செய்த மருந்து டிராவே, லெனாக்ஸ்-காஸ்டாட் போன்ற சில கடுமையான வலிப்பு வகைகளில் பயன் தருகிறது, அமெரிக்கா 2018-இல் அனுமதித்தது. ஈரல் பரிசோதனை அவசியம், பழைய மாத்திரையை நிறுத்தக் கூடாது. அவர் பையிலிருந்து ஆன்லைனில் வாங்கிய ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். லேபிளில் எத்தனை மில்லிகிராம் என்றே போடவில்லை.