முகப்பும் இரண்டாங்கட்டும்

(காரைக்குடியில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஓர் ஆசிரியர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நம் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பு ஊரார் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது. பர்மாத் தேக்குத் தூண்கள் அங்கே நிற்கும். அடுப்புப் புகையும் அழுகையும் இரண்டாங்கட்டோடு நின்றுவிடும். அடுத்த வீட்டு முகப்பைப் பார்த்து ஏங்கியவர்கூட, ஒரு விசேஷத்துக்குப் போய் அந்த வீட்டின் உள்கட்டைப் பார்த்துவிட்டால் மனம் தெளிந்துவிடுவார். இன்ஸ்டாகிராமில் முகப்பு மட்டுமே உண்டு. உள்ளே போக வழியில்லை.

என் மாணவி ஒருத்தி தன் படத்தைப் பதிவிட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் ஏழு முறை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு அந்தப் படத்தையே நீக்கிவிட்டாள். "நாற்பது லைக்தான் சார் வந்துச்சு, அசிங்கமா இருக்கு" என்றாள். நாற்பது பேர் வாசலில் வந்து நின்று 'நல்லா இருக்கே' என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை எப்படிப் பூரித்துப் போயிருப்பாள்!

இது அவளுடைய பலவீனம் அன்று. 2004இல் ஹார்வர்டில் தொடங்கிய பேஸ்புக், அமெரிக்காவில் கல்லூரி கல்லூரியாகத் திறந்துவிடப்பட்டது. அது முன்னதாக வந்த கல்லூரிகளையும் பின்னர் வந்த கல்லூரிகளையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான பொருளியல் ஆய்வு, அதன் வருகைக்குப் பின் மாணவர்களின் மனநலம் சரிந்ததையும், பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்ப்பதே அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிவதையும் காட்டியது. பெரும்பாலோர் கையில் ஸ்மார்ட்போன் இல்லாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றோ அந்த ஒப்பீடு தலையணைக்கு அடியில் படுத்திருக்கிறது. தூக்கத்தையும் சேர்த்துத் தின்கிறது.

சிங்கப்பூரிலிருக்கும் மகனின் முகத்தை ஆச்சி தினமும் பார்ப்பதும் இதே கருவியில்தான். ஆகவே பிடுங்கி வைக்கச் சொல்ல மாட்டேன். பிடுங்கினால் பிள்ளை ஒளித்துப் பார்க்கும், நம்மிடம் பேசுவதையும் நிறுத்திவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஆகிய மூன்று தளங்களுக்கும் நாளொன்றுக்குத் தலா 10 நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. முற்றாக விடவில்லை, குறைத்தார்கள், அவ்வளவே. என் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு மேல் எல்லாருடைய கைபேசியும் வளவு முற்றத்தில்தான் சார்ஜில் கிடக்கும், என்னுடையதும்.

குறைத்தும் மனம் தேறாத பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருக்கலாம். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.