பகிடி சொல்லும் டெலிகிராம் பொட் எழுதுவோம்

[திரை: ஒரு டெலிகிராம் குழு. யாரோ "பகிடி" என்று தட்டுகிறார். பொட் பதில் போடுகிறது.]

வணக்கம். குழுவில் "பகிடி" என்று தட்டினால் எங்கிருந்தாவது ஒன்றை எடுத்து வந்து போடும் பொட், அதாவது தானாகப் பதில் சொல்லும் நிரல், இது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ரியூசன் பிள்ளைகளின் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் 50 வரிக்குள் முடிந்துவிடும்.

முதலில் டெலிகிராமில், பொட்களை உருவாக்கித் தரும் பொட்டான பொட்ஃபாதரைத் தேடிப் புதிய பொட் ஒன்று கேளுங்கள். ஒரு டோக்கன் தரும், பொட்டின் கடவுச்சொல் மாதிரி. அது வேறு யார் கையில் கிடைத்தாலும் பொட் அவருடையதாகிவிடும், அதனால்தான் திரையில் மறைத்திருக்கிறேன்.

[திரை: ஒரு பகிடித் தளத்தின் எச்டிஎம்எல், அதாவது பக்கத்தின் மூலக் குறியீடு]

சரி, பகிடி எங்கே எடுப்பது? இப்படி ஒரு பக்கத்தைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பிய்த்து எடுக்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. தளக்காரர் பக்கத்தின் அமைப்பை மாற்றிய அன்றே நம் ஸ்கிரிப்ட் படுத்துவிடும். வாசல் திறந்திருக்கும்போது வேலி பாய்வானேன்? ஜோக்ஏபிஐ என்ற சேவை நிரல்களுக்காகவே இருக்கிறது. பதிவு கேட்காது, நிரல் எளிதில் படிக்கக்கூடிய ஜேசன் வடிவில் பதில் தரும்.

முகவரியின் கடைசியில் சேஃப் மோட் என்பதைச் சேருங்கள். இனத்தையும் மதத்தையும் கேலி செய்பவை, ஆபாசமானவை எல்லாம் வடிகட்டப்படும். மட்டக்களப்புப் பிள்ளைகளும் காத்தான்குடிப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் குழுவில் இதை விட்டுவிடவே வேண்டாம்.

பதில் இரண்டு வகையாக வரும். ஒன்றில் பகிடி முழுதாக இருக்கும். மற்றதில் கேள்வி தனி, பதில் தனி. கேள்வியை அனுப்பிவிட்டு 4 வினாடி பொறுத்துப் பதிலை அனுப்புங்கள். சேர்த்துப் போட்டால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

[திரை: பொட்ஃபாதர் அமைப்புகள்]

இங்கேதான் பலருக்குத் தலை சுற்றும். தனி அரட்டையில் ஒழுங்காக வேலை செய்யும் பொட், குழுவில் போட்டதும் ஊமையாகிவிடும். கோடில் பிழை தேடாதீர்கள். குழுக்களில் பொட்டுக்குப் பிரைவசி மோட் இயல்பாகவே போடப்பட்டிருக்கும்; சாய்கோட்டில் (/) தொடங்கும் கட்டளைகளும் அதற்கு நேரே சொல்லும் பதில்களும்தான் அதன் காதில் விழும். கட்டளைப் பெயரைத் தமிழில் வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது, ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான். ஆகவே பொட்ஃபாதரில் பிரைவசி மோடை நிறுத்துங்கள். பிறகு பொட்டைக் குழுவில் இருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்த்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாவிட்டால் மாற்றம் பிடிக்காது.

ஒருமுறை கேட்டதற்கே பொட் திரும்பத் திரும்பப் பதில் போடுகிறதா? டெலிகிராம் ஒவ்வொரு செய்தியோடும் தரும் அப்டேட் எண்ணில் கடைசியாக வந்ததோடு 1 கூட்டி, அதை ஆஃப்செட்டாக, அதாவது அடுத்து எந்த எண்ணில் இருந்து வேண்டும் என்று, அனுப்பவில்லை என்று அர்த்தம்.

இணையம் இழுபடும் நேரத்துக்கும் ஒரு வழி வேண்டும். இணையத்தில் இருந்து பகிடியைக் கேட்டு வாங்கும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற பைத்தான் நூலகம், நாம் டைம்அவுட், அதாவது எவ்வளவு நேரம் பொறுப்பது என்று, சொல்லாவிட்டால், பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். 5 வினாடி கொடுங்கள். அதற்குள் வராவிட்டால் நம் சொந்தக் கோப்பில் இருந்து ஒன்று.

[திரை: தமிழ்ப் பகிடிகள் உள்ள கோப்பு]

வரிக்கு ஒரு பகிடியாக எழுதி, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். பைத்தானில் திறக்கும்போதும் அதைச் சொல்லுங்கள். விண்டோஸில் சொல்லாமல் விட்டால் தமிழ் எழுத்து குப்பையாக வரும், அல்லது ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடும்.

உண்மையில் எங்கள் குழுவில் சிரிப்பு வருவது இந்தக் கோப்பில் இருந்துதான். ஜோக்ஏபிஐயில் தமிழ் இல்லை. ஆங்கிலச் சிலேடைக்கு யாராவது விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தங்கள் பேச்சிலேயே எழுதித் தந்தவைக்கு அந்தத் தேவை இல்லை. அதனால் 1 முதல் 3 வரை ஒரு ரேண்டம் எண் எடுக்கிறேன். 1, 2 வந்தால் கோப்பு. 3 வந்தால் மட்டும் இணையம்.