ஒரு சிப்பாயின் குடலிலிருந்து

நேயர்களுக்கு வணக்கம். பெருங்குடலில் புண் வந்து ரத்தமும் சீதமுமாகப் போகும் நோய் ஒன்று உண்டு. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்போம். இந்நோயோடு வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது: "டாக்டர், தினமும் தயிர் சாப்பிட்டா நல்ல கிருமி சேர்ந்து புண் ஆறிடும்ல?"

நல்ல கிருமி என்றால் எந்தக் கிருமி? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1917, முதல் உலகப் போர்க்காலம். சிப்பாய்களுக்கு வயிற்றுக்கடுப்பு பரவுகிறது. கூட இருந்தவர்களெல்லாம் படுத்துவிட, ஒரு சிப்பாய்க்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகர மருத்துவர் ஆல்ஃப்ரெட் நிஸ்ல, அந்தச் சிப்பாயின் மலத்தை வாங்கிச் சோதித்தார். முகம் சுளிக்காமல் கேளுங்கள், குடலின் கதையை அதுதான் சொல்லும். அதில் கிடைத்தது ஈ.கோலை. குடிதண்ணீரில் இருக்கிறது என்றாலே பதறுகிறோமே, அதே ஈ.கோலைதான்! ஆனால் ரகம் வேறு. பொன்னியும் நெல்தான், மாப்பிள்ளைச் சம்பாவும் நெல்தான். சோறு ஒன்றாகவா இருக்கிறது? நிஸ்ல அந்த ரகத்தை வளர்த்து மாத்திரைக் குப்பியில் அடைத்தார். இன்றும் அவர் பெயரிலேயே அந்த ரகம் வழங்குகிறது.

2004இல் வெளிவந்த ஆய்வில், நோய் அடங்கியிருந்த 327 பேரில் ஒரு பிரிவுக்கு இந்த நிஸ்ல ரகம், மறு பிரிவுக்கு இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலசின் என்ற மருந்து. ஓராண்டை முடித்தவர்களில் நோய் திரும்பியது நிஸ்ல பக்கம் 100க்கு 36 பேருக்கு, மெசலசின் பக்கம் 34 பேருக்கு. கிட்டத்தட்ட சமம்.

நம் நாட்டில் 2009இல் வந்த ஆய்வில் எட்டு ரக நல்ல கிருமிகள் சேர்ந்த கலவையைக் கொடுத்தார்கள். வேளைக்கு 3.6 லட்சம் கோடி கிருமி, தினம் இரண்டு வேளை. 12 வாரத்தில் நோய் அடங்கியது 100க்கு 43 பேருக்கு. மருந்தில்லாத பொடி சாப்பிட்டவர்களில் 16 பேருக்கு. நம் வீட்டுத் தயிரில் எந்த ரகம், எத்தனை என்று யார் எண்ணினார்கள்? உறைமோர் மாறினால் அதுவும் மாறும். தயிர் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

நேரம் நெருங்குகிறது. குடலில் எங்கு வேண்டுமானாலும் அழற்சி வரும் குரோன் என்ற இன்னொரு நோய்க்கு இந்தக் கிருமிகள் பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலில் பை அமைத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பையில் வரும் அழற்சி திரும்பாமல் தடுக்க ஓரளவு உதவுகிறது. ஸ்டீராய்டு சாப்பிட்டு எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கிருமி மருந்துகளைக் கடையில் வாங்கவேண்டாம். அபூர்வமாக இந்தக் கிருமியே ரத்தத்தில் கலந்துவிடுவதுண்டு. வணக்கம்.