இரவு முழுவதும் ஒரு குரல்: ரால்ஃப் எமரியின் வானொலி வாழ்க்கை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இன்று நான் உங்களிடம் பேச வந்திருப்பது ரால்ஃப் எமரி என்ற அமெரிக்க வானொலி அறிவிப்பாளரைப் பற்றி. டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் இருந்துகொண்டு, முதலில் வானொலியிலும் பின்னர் தொலைக்காட்சியிலுமாக ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கன்ட்ரி இசைக் கலைஞர்களை உட்காரவைத்துப் பேசவைத்தவர் அவர். 2022 ஜனவரியில் தம்முடைய 88ஆம் வயதில் மறைந்தார். பாடியவர்களைப் பற்றிப் பேசுவதற்கு எங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடகர்களை மக்களின் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த குரலைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

கன்ட்ரி இசையை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தென்பகுதியில், மலையோரக் கிராமங்களிலும் பண்ணைகளிலும் வாழ்ந்த எளிய மக்களிடையே பிறந்த இசை அது. வயலினும் பாஞ்சோவும் கிட்டாரும் அதன் கருவிகள். பிரிந்துபோன மனைவி, வேலை தேடி ஊரைவிட்டுப் போன மகன், சிறைச்சாலை, ரயில், குடி, கடவுள் ஆகியவைதாம் அதன் பாடுபொருள்கள். நகரத்துப் படித்த மக்கள் அதை வெகுகாலம் மதிக்கவில்லை. எமரி வேலைக்கு வந்த காலத்தில் அந்த இசைக்கு இருந்த நிலை இதுதான் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் சொல்லப்போவது எல்லாம் அதோடு சேர்ந்துதான் பொருள்படும்.

எமரி 1933 மார்ச் 10 அன்று, நாஷ்வில்லுக்கு மேற்கே உள்ள மெக்யூவன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் குடிப்பழக்கத்துக்கு ஆளானவர். சிறுவனைப் பெரும்பாலும் தாத்தாவும் பாட்டியும்தான் தங்கள் பண்ணையில் வைத்து வளர்த்தார்கள். அந்தத் தனிமையில் அவனுக்குத் துணையாக இருந்தது வானொலிப் பெட்டி. பின்னர் நாஷ்வில்லுக்கு வந்து, திரையரங்கில் டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் வேலை செய்து, அந்தச் சம்பளத்தில் ஒலிபரப்புப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜான் ரிச்பர்க். நாஷ்வில்லின் மற்றொரு பெரிய நிலையமான டபிள்யூஎல்ஏசியில் கறுப்பின மக்களின் இசையை இரவுதோறும் ஒலிபரப்பியவர் அவர். குரலைக் கேட்டவர்கள் பலரும் அவரைக் கறுப்பினத்தவர் என்றே நினைத்திருந்தார்கள், அவர் வெள்ளையர். குரல் ஒன்றைக் கொண்டே ஒரு மனிதர் தம்மை முகம் தெரியாத மக்களுக்கு எவ்வளவு நெருக்கமாக ஆக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு, அந்த மாணவருக்குக் கண்ணெதிரே அப்படி ஓர் எடுத்துக்காட்டு இருந்தது.

பாரிஸ் என்று பெயர் கொண்ட டென்னஸிச் சிற்றூர் ஒன்றில் முதல் வேலை. அதன்பின் சில சிறு நிலையங்கள். 1957இல், இருபத்து நான்கு வயதில், டபிள்யூஎஸ்எம் நிலையத்தின் நள்ளிரவுப் பணி அவருக்குக் கிடைத்தது.

இந்த நிலையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். 1925இல் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கிய நிலையம் அது. அதே ஆண்டு நவம்பரில் அங்கே தொடங்கிய சனிக்கிழமை இசை நிகழ்ச்சிதான் பின்னர் கிராண்ட் ஓல் ஆப்ரி என்று பெயர்பெற்று இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. 1932இல் அந்த நிலையம் 50,000 வாட் திறனைப் பெற்றது. அமெரிக்காவில் மீடியம் வேவ் நிலையம் ஒன்றுக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவே அதுதான். நகருக்குத் தெற்கே, இடுப்புப் பகுதி பருத்து இரு முனைகளும் கூராகக் குறுகும் ஒரு கோபுரத்தை 878 அடி உயரத்துக்கு அப்போது எழுப்பினார்கள். சற்றே உயரம் குறைக்கப்பட்ட நிலையில் அது இன்றும் நிற்கிறது.

மீடியம் வேவ் கேட்டு வளர்ந்த நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பகலில் பக்கத்து ஊர் நிலையம்கூடக் கரகரக்கும். இருட்டிய பிறகு கடல் கடந்த நிலையங்களெல்லாம் தெளிவாக வந்து விழும். வளிமண்டலத்தின் உயரத்தில், பகலில் அலைகளை விழுங்கிவிடும் ஓர் அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துபோகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கில் பட்டு அலைகள் நெடுந்தூரத்துக்கு அப்பால் திரும்பி இறங்குகின்றன. நம் ஊர்களில் இரவில் இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்துக் கேட்ட தலைமுறை இதைக் காதால் அறிந்திருக்கிறது. அமெரிக்க அரசு இந்த இயல்பைக் கருத்தில் கொண்டு, சில அலைவரிசைகளில் இரவு நேரத்தில் ஒரே ஒரு நிலையம் மட்டும் முழுத் திறனில் ஒலிக்கலாம் என்று விதி செய்திருந்தது. அப்படிப்பட்ட 650 கிலோஹெர்ட்ஸில்தான் டபிள்யூஎஸ்எம் இருந்தது. ஆகவே, பகல் முழுவதும் நாஷ்வில்லின் உள்ளூர் நிலையமாக இருந்த அது, பொழுது சாய்ந்ததும் பல மாநிலங்களுக்குப் பொதுவான நிலையமாகிவிடும்.

இப்போது அந்த நள்ளிரவுப் பணி என்னவென்று எண்ணிப்பாருங்கள். நிலையத்தின் கணக்கில் அது புதிதாக வந்தவனுக்குக் கொடுக்கும் கடைநிலை வேலை. ஆனால் நிலையத்தின் குரல் மிகத் தொலைவுக்குப் போகும் நேரமும் அதுவே. இரவெல்லாம் சரக்கு லாரி ஓட்டுபவர்கள், ஆலைகளில் இரவுப் பணியாளர்கள், மருத்துவமனைச் செவிலியர்கள், உறக்கம் வராமல் படுத்திருக்கும் முதியவர்கள் ஆகியோர்தாம் அவருடைய நேயர்கள். லாரியின் என்ஜின் சத்தத்துக்கு நடுவே, அடுத்த ஊர் வரும்வரை கூடவே வரும் ஒரே மனிதக் குரல் எமரியுடையது. 1957 முதல் 1972 வரை, பதினைந்து ஆண்டுகள், அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் அங்கே செய்தது மிக எளிமையானது. ஸ்டூடியோக் கதவைத் திறந்து வைத்தார். ஊரிலிருக்கும் பாடகர் எவரும் முன்னறிவிப்பு இல்லாமல் வரலாம், மைக்கின் முன்னால் உட்காரலாம், தோன்றியதைப் பேசலாம். கச்சேரி முடித்துவிட்டுத் தூக்கம் வராத கலைஞர்களுக்கு அந்த நேரத்தில் போவதற்கு வேறு இடமும் அதிகம் இல்லை. புகழ்பெற்றவர்கள் வந்தார்கள்; நேற்றுத்தான் முதல் இசைத்தட்டை வெளியிட்டவர்களும் வந்தார்கள். எமரி இரு தரப்பினரையும் ஒரே நிதானத்தில் நடத்தினார். கேள்வி சிறியதாக இருக்கும். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் சொல்பவர் தயங்கினால் இடையில் புகமாட்டார். விளம்பரம் நெருக்காத அந்த இரவு நேரத்தில் அவருக்கு அவசரம் என்பதே இல்லை. இதை நான் மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது: அவருக்கு அவசரம் இல்லை. இன்றைய நேர்காணல்களில் விருந்தினர் வாயைத் திறப்பதற்கு முன்பே அடுத்த கேள்வி வந்து விழுவதைக் கேட்கும்போதெல்லாம், எனக்கு எமரியின் அந்தக் காத்திருப்பு நினைவுக்கு வருகிறது.

அப்படி வந்தவர்களுள் மார்ட்டி ராபின்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவர் அந்தக் காலத்துப் பெரும் பாடகர். கூடவே கார்ப் பந்தய ஓட்டுநர். சனிக்கிழமை மாலையில் நாஷ்வில் பந்தயத் திடலில் கார் ஓட்டிவிட்டு வருவதற்கு வசதியாக, ஆப்ரி நிகழ்ச்சியில் இரவு பதினொன்றரை மணிக்கான கடைசிப் பகுதியைத் தமக்காக வாங்கி வைத்திருந்தார். அரங்கத்தில் கூட்டம் கலையாமல் காத்திருக்கும். இவர் வந்து பாடத் தொடங்கினால் நேரக் கணக்கே கிடையாது. கடிகாரத்தின் முள்ளைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லிச் சைகை காட்டுவார். மக்கள் ஆரவாரம் செய்வார்கள். ஆப்ரிக்கு அடுத்ததாக, நள்ளிரவில், எர்னஸ்ட் டப் என்ற பாடகர் தம் இசைத்தட்டுக் கடையிலிருந்து நடத்திய நிகழ்ச்சி இதனால் பல வாரங்கள் தாமதமாகத்தான் தொடங்கியது. அதே ராபின்ஸ், மற்ற இரவுகளில் எமரியின் ஸ்டூடியோவுக்குச் சொல்லாமல் வந்து நிற்பார். பியானோவின் முன்னால் உட்கார்ந்துகொள்வார். தம் பாட்டு, பிறர் பாட்டு, பாதி நினைவிருக்கும் பழைய பாட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவார். நடுவில் பேச்சு, கேலி, சிரிப்பு, மறுபடியும் பாட்டு. இசைத்தட்டில் செம்மைப்படுத்தப்பட்ட அவருடைய குரலைக் கேட்டவர்களுக்கு, நடு இரவில் பியானோக் கட்டைகளைத் தடவிக்கொண்டே சுருதி தேடும் அந்தக் குரல் வேறொரு மனிதரைக் காட்டியது. அந்த மனிதர் வெளியே வருவதற்கு இடம் கொடுத்தது எமரியின் கதவு. எமரி செய்ததெல்லாம், எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்பதை அறிந்திருந்ததுதான். வானொலியில் அதைவிடக் கடினமான வேலை வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த நிகழ்ச்சியால் கலைஞர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கலாம். ராக் அண்ட் ரோல் அலையில் சிறு நகர நிலையங்கள் பல கன்ட்ரி இசையைக் கைவிட்டிருந்தன. கன்ட்ரி இசைச் சங்கம் 1958இல் தொடங்கப்பட்டதே அந்த நெருக்கடியால்தான். முழுநேரமும் கன்ட்ரி இசை ஒலிபரப்பும் நிலையங்களை 1961இல் அந்தச் சங்கம் கணக்கெடுத்தபோது, நாடு முழுவதிலும் 81 மட்டுமே இருந்தன. அந்த நிலையில், ஓர் இரவில் எமரி ஒரு புதிய இசைத்தட்டைச் சுழலவிட்டால் அது பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் கேட்கும். அந்த ஆண்டில் அவரே ஒரு பாட்டுப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். வில்லி நெல்சன் எழுதி ஃபேரன் யங் பாடிப் பெரும்புகழ் பெற்ற ஒரு பாட்டுக்குப் பதில்பாட்டு அது. பில்போர்ட் என்ற இசை இதழின் கன்ட்ரி வரிசையில் நான்காம் இடம்வரை ஏறியது. அதோடு அவர் பாடகராகிவிடவில்லை, மைக்குக்கே திரும்பினார். 1960களின் நடுப்பகுதியில், திரைப்படங்களில் பாடும் கௌபாயாகப் புகழ்பெற்ற டெக்ஸ் ரிட்டர் நாஷ்வில்லுக்குக் குடிவந்தபோது, அவரும் எமரியுடன் சேர்ந்து இந்த இரவு நிகழ்ச்சியை நடத்தினார்.

நான் இவ்வளவு போற்றும் இதே மனிதரிடம் ஒரு குறையும் உண்டு. அதை மறைத்தால் என் பேச்சு நேர்மையாக இருக்காது. 1968 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பேர்ட்ஸ் என்ற ராக் இசைக்குழு நாஷ்வில்லுக்கு வந்தது. நீள முடி வைத்த இளைஞர்கள். ஆனால் கன்ட்ரி இசை மீது உண்மையான ஆசையோடு, அந்த இசையிலேயே ஓர் ஆல்பம் பதிவு செய்ய வந்தவர்கள். ஆப்ரி மேடையில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு நல்லதாக இல்லை. எமரியின் நிகழ்ச்சிக்குத் தங்கள் புதிய பாட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கேயும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருத்தத்தில் குழுவைச் சேர்ந்த ரோஜர் மெக்வினும் கிராம் பார்சன்ஸும் அவரைக் கடுமையாகச் சாடி ஒரு பாட்டு எழுத, அது 1969இல் அவர்களுடைய இசைத்தட்டில் வெளிவந்தது. அவர்கள் நாஷ்வில்லில் பதிவு செய்யத் தொடங்கிய அந்த ஆல்பம் இன்று கன்ட்ரி ராக் என்ற பிரிவுக்கே அடித்தளமாகப் போற்றப்படுகிறது. யாருக்கும் திறந்திருந்த கதவு, அந்த ஓர் இரவில், தோற்றத்தைப் பார்த்துப் பாதி மூடிக்கொண்டது என்றுதான் நான் எண்ணுகிறேன். நகரத்தார் தங்கள் இசையைப் பல ஆண்டுகள் இழிவாகப் பேசியதால், வெளியிலிருந்து வந்தவர்கள் தங்களைக் கேலி செய்ய வந்திருக்கிறார்களோ என்ற ஐயம் நாஷ்வில்லாரிடம் இருந்தது. அதை வைத்து அந்த நடத்தையைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அது நியாயமாகிவிடாது.

இனித் தொலைக்காட்சிக்கு வருகிறேன். நேரம் குறைவாக இருப்பதை நிலையத்தார் எனக்கு நினைவூட்டிவிட்டார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு வானொலியை விட்ட பிறகு எமரி நாஷ்வில்லின் உள்ளூர்த் தொலைக்காட்சியில், பொழுது விடியும் வேளையில், நேரடி இசைக்குழுவோடு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். செவிலியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நேயோமி ஜட் என்ற தாயும் அவருடைய மகள் வைனோனாவும் அங்கே வந்து பாடினார்கள். தாயார் வீட்டிலேயே சோப்புக் காய்ச்சுபவர் என்று தெரிந்ததும், எமரி அவர்களைச் சோப்புச் சகோதரிகள் என்று அழைக்கத் தொடங்கினார். ஜட்ஸ் என்ற அந்த இணை 1980களில் நாடறிந்த பெயராகிவிட்டது.

1974 முதல் 1980 வரை, பல மாநிலத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்ட ஒரு வாராந்திர இசை நிகழ்ச்சியையும் நடத்தினார். 1983 மார்ச் 7 அன்று நாஷ்வில் நெட்வொர்க் என்ற கேபிள் சேனல் தொடங்கியபோது, அதன் முதன்மை நிகழ்ச்சியான நாஷ்வில் நவ் அவர் கையில் கொடுக்கப்பட்டது. வாரத்தில் ஐந்து நாளும் மாலையில் ஒன்றரை மணி நேரம், அரங்கில் பார்வையாளர்கள் இருக்க, வீட்டிலிருப்போர் தொலைபேசியில் கேள்வி கேட்க, நேரலையாக நடந்த நிகழ்ச்சி அது. ஷாட்கன் ரெட் என்ற தாடிவைத்த பொம்மையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பேசும். பத்து ஆண்டுகள், 1993 வரை, அவர் அதை நடத்தினார். மேடை வெளிச்சமும் கேமராவும் இருந்தும் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பழக்கத்தை அவர் அங்கேயும் விடவில்லை. அந்தப் பழக்கம் ஒன்றரை மணி நேர நேரலையில் எப்படி வேலை செய்தது என்பதை விருந்தினர் ஒருவரைக் கொண்டு விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், அதற்கு இடமில்லை. 1991இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு அதிகம் விற்ற நூல்களின் பட்டியலில் ஏறியது. 2007இல் பாடகர்கள் மெல் டில்லிஸ், வின்ஸ் கில் ஆகியோரோடு கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டிலேயே, எழுபது வயதைத் தாண்டிய பிறகும், கிராமப்புற மக்களுக்கான ஆர்எஃப்டி டிவியில் அவர் மீண்டும் பழைய நண்பர்களை அழைத்து வைத்துப் பேசத் தொடங்கினார். இணையத்தில் நாஷ்வில் நவ் நிகழ்ச்சியின் பகுதிகள் கிடைக்கின்றன. ஒரு நேர்காணலையாவது முழுமையாகக் கேளுங்கள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.