கன்சோல் பக்கத்துல நில்லுங்க: கே ரசிகர்களுக்கு ஒரு திறந்தவெளிக் கச்சேரி வீடியோ

வணக்கம் மக்களே. பின்னாடி தெரியறது வேலூர் கோட்டை அகழி. வண்டிச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்குங்க.

நீங்க கே, அதாவது ஆம்பளைய விரும்பற ஆம்பளை, பாட்டுன்னா உயிரு, திறந்தவெளிக் கச்சேரிக்குப் போகப் போறீங்க. விஐடி ரிவியேரா மாதிரி காலேஜ் விழாவா இருக்கலாம், ஏதாவது மைதானத்துல நடக்கற லைட் மியூசிக்கா இருக்கலாம், காட்பாடில ரயில் ஏறி பெங்களூரு போய்ப் பாக்கறதா இருக்கலாம். தனியா போனாலும் சரி, உங்க ஆளோட போனாலும் சரி, முதல்ல முடிவு பண்ண வேண்டியது எங்க நிக்கறதுன்னுதான். டிரெஸ்ஸெல்லாம் அப்புறம்.

கூட்டத்துக்கு நடுவுல சின்னதா ஒரு பந்தல், சுத்தி பேரிகேட், உள்ள சவுண்ட் இன்ஜினியர் நின்னுகினு இருப்பாரு. அதான் மிக்ஸிங் கன்சோல். மைதானத்தைப் பொறுத்து மேடைலேருந்து சுமாரா 25, 30 மீட்டர்ல போட்டிருப்பாங்க. அவரு அங்க நின்னு கேட்டுத்தான் மிக்ஸ் பண்றாரு, அதனால அவரு காதுக்கு வர்றதுதான் ஒழுங்கான சத்தம். முன்வரிசைல என்ன ஆகும்னா, மேல தொங்குற மெயின் ஸ்பீக்கரோட சத்தம் உங்க தலைக்கு மேல போயிடும். கீழ வெச்ச சப் ஊஃபரும் (தம் தம்னு பேஸ் தர்ற பெரிய ஸ்பீக்கர்), மேடைல அடிக்கற டிரம்ஸும்தான் காதுல விழும், பாடறவங்க குரல் கரைஞ்சிடும். கன்சோல் பக்கத்துல நின்னும் திடீர்னு பேஸ் காணாம போனா பயப்படாதீங்க. இடது பக்க சப்பும் வலது பக்க சப்பும் அனுப்பற அலை அந்த இடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்குது, அவ்ளோதான். கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க, திரும்ப வந்துடும். இன்னொண்ணு. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 345 மீட்டர்தான் போகும். எழுபது மீட்டர் தள்ளி நின்னா உங்களுக்கு 0.2 செகண்ட் லேட்டா கேக்கும், உதட்டசைவோட ஒட்டாது. அதைப் பாத்துட்டு "டேப் போட்டு வாயசைக்கறான்"னு சண்டைக்குப் போறவங்களுக்கு என் அனுதாபம்.

இப்ப நமக்குன்னு இருக்கற காரணம். கன்சோலுக்குப் பின்னாடி, பேரிகேட்ல சாஞ்சு நிக்கற இடத்துல முன்னாடிலேருந்து அழுத்தம் வராது. பந்தல் வெளிச்சம் இருக்கும், கேபிள் போற வழி காலியா இருக்கும், செக்யூரிட்டி ஆள் கிட்டயே இருப்பாரு. பாக்கறவங்க எல்லாரும் மேடையைப் பாப்பாங்க, உங்களை யாரும் பாக்க மாட்டாங்க. முன்னாடி ஆடற பசங்க கும்பல்ல அப்படி இல்ல. அங்க ஒருத்தன் உங்களைக் கேலி பண்ண ஆரம்பிச்சா நகரக்கூட இடம் இருக்காது.

ரெண்டு ஆம்பளைங்க தோள்ல கை போட்டு நின்னா, கையைப் புடிச்சிக்கினு நடந்தா, வேலூர்ல ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒரு பொண்ணும் பையனும் அப்படி நின்னாதான் ஊரே பாக்கும். இந்த ஒரு விஷயத்துல நமக்கு லாபம். முத்தம்னா கதை வேற. அங்க சிக்கல் முக்கியமா செல்போன் கேமராதான், சட்டம் அதுக்கு அடுத்ததுதான். 2018 செப்டம்பர் 6 அன்னிக்கு வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வயசு வந்தவங்க விருப்பத்தோட தனிமைல இருக்கறதைக் குத்தம் இல்லன்னு சொல்லிச்சு. பொது இடத்துல ஆபாசம்னு சொல்ற பிரிவு, பழைய ஐபிசி 294, இப்ப பாரதிய நியாய சன்ஹிதாங்கற புதுச் சட்டத்துல (பிஎன்எஸ்) 296, அப்படியே இருக்குது. ஆண் பெண் ஜோடி மேலயும் அதைத்தான் போடுவாங்க.

போலீஸ்காரர் நிறுத்தி "ரெண்டு பேரும் யாரு"ன்னு கேட்டா, "ஃப்ரெண்ட்ஸ் சார், கச்சேரிக்கு வந்தோம்"னு டிக்கெட்டைக் காட்டுங்க. பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும். அங்க நின்னு சட்டம் பாடம் எடுக்காதீங்க. ஆனா போனைப் புடுங்கறாங்க, காசு கேக்கறாங்கன்னா விஷயம் வேற. சென்னை உயர் நீதிமன்றத்துல 2021-ல வந்த உத்தரவுக்கு அப்புறம், 2022-ல தமிழ்நாடு காவலர் நடத்தை விதில 24-சி-ன்னு ஒண்ணு சேத்தாங்க. நம்மள மாதிரி ஆளுங்களை போலீஸ் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அதுல இருக்குது. நெஞ்சுல இருக்கற பேர்ப் பட்டையை மனசுல வாங்கிக்குங்க, மரியாதையா அந்த விதியைச் சொல்லுங்க.

அடுத்தது ஆப். கிரைண்டர்ங்கற கே டேட்டிங் ஆப்ல உங்க தூரம் மீட்டர் கணக்குல தெரியும். கூட்டத்துல ஒருத்தன் நாலு இடத்துல நின்னு பாத்தான்னா நீங்க எங்கன்னு கண்டுபுடிச்சிடுவான். செட்டிங்ஸ்ல தூரம் காட்டறதை வீட்லயே ஆஃப் பண்ணிட்டு வாங்க. புதுசா ஒருத்தரைப் பாக்கணும்னா முதல்ல வீடியோ கால், அப்புறம் அதே கன்சோல் பக்கம் வரச் சொல்லுங்க. "பார்க்கிங் பின்னாடி வா", "பாலாத்துப் பக்கம் வா"ன்னு சொன்னா போகாதீங்க. தனியா கூப்பிட்டு, நாலு பேரா சேந்து வீடியோ எடுத்து, "வீட்ல சொல்லிடுவேன்"னு காசு புடுங்கறது இப்படித்தான் நடக்குது. முதல் 500 கொடுத்தீங்கன்னா அது 5000 ஆகும். கொடுக்காதீங்க. பேரைக் கெடுப்பேன்னு மிரட்டி காசு கேக்கறதும் பிஎன்எஸ் 308-ல பணப்பறிப்புதான். சாட், நம்பர், யுபிஐ ஐடி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ஆன்லைன்ல காசு போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு அடிங்க, லேட் ஆக ஆகப் பணம் கை மாறிடும். அடிதடின்னா 112. யார்கிட்ட பேசறதுன்னு தெரியலன்னா ஓரினம் இணையதளத்தைப் பாருங்க, தமிழ்லயும் இருக்குது.

காது. இதை யாரும் கண்டுக்கறதில்ல. 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம்னு அமெரிக்கத் தொழில் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், அப்ப 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். கச்சேரி மூணு மணி நேரம். ஃபோம் இயர்ப்ளக் மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும். மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காதை மேல பின்னாடி இழுத்து, உள்ள விட்டு 30 செகண்ட் புடிச்சிக்கணும். பாதி வெளிய நீட்டிக்கினு இருந்தா அது வேலை செய்யல.

முன்னாடியேதான் போவேன்னு அடம் புடிக்கறவங்களுக்கு: ஒரு சதுர மீட்டர்ல 5 பேருக்கு மேல ஆனா கிளம்பிடுங்க. நாலு பக்கமும் உடம்பு ஒட்டி, கையைத் தூக்க முடியலன்னா அதான் அடையாளம். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி மூச்சுக்கு இடம் வெச்சிக்குங்க, தள்ளு நிக்கற நேரம் பாத்து குறுக்கால ஓரத்துக்கு வாங்க. கீழ விழுந்த செருப்பு, போன் எதையும் குனிஞ்சு எடுக்காதீங்க.

கிளிட்டர் போடறவங்க மேக்கப் கிளிட்டரா வாங்குங்க, ஸ்டேஷனரி கடைல விக்கற கிராஃப்ட் ஜிகினா கண்ணுக்குள்ள போனா கிழிச்சிடும். திரும்பும்போது கலைக்கணும்னா தேங்காய் எண்ணெயைப் பஞ்சுல நனைச்சு ரெண்டு நிமிஷம் ஒத்தி வெச்சுத் துடைங்க. தண்ணியால தேச்சா பரவத்தான் செய்யும். அதே எண்ணெயை ஆணுறை பக்கம் கொண்டு போகாதீங்க. எண்ணெய் பட்டா ரப்பர் கிழியும், வாட்டர் பேஸ்டு லூப், அதாவது எண்ணெய் இல்லாத வழுவழுப்பு ஜெல்தான் சரி. பர்ஸ்ல வெச்சுச் சூடேறின ஆணுறையும் வேணாம். கிழிஞ்சிடுச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள பெப் மருந்து (எச்ஐவி தொத்தாம தடுக்கற மாத்திரை) ஆரம்பிக்கணும், சீக்கிரம்னா நல்லது, 28 நாள் சாப்பிடணும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில போய்க் கேளுங்க, இல்ல 1097-க்கு போன் பண்ணுங்க.

தங்கணும்னா ரெண்டு பேரும் ஐடி எடுத்துக்குங்க. சிஎம்சி சுத்தி இருக்கற லாட்ஜ்ங்க நோயாளிங்க கூட வர்றவங்களுக்காகவே இருக்குது, ரெண்டு ஆம்பளைங்க ஒரே ரூம் எடுக்கறது அங்க தினப்படி நடக்கறது. அதனாலயே சீக்கிரம் நிரம்பிடும், முன்னாடியே புக் பண்ணுங்க.

கடைசியா திரும்பறது. ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல வந்த ஒலி மாசு விதி. அரசு சில நாளைக்கு மட்டும் 12 மணி வரைக்கும் விடலாம். அதனால கச்சேரி பத்து மணியோட முடிஞ்சிடும், அத்தனை பேரும் ஒரே கேட்ல வருவாங்க, நெட்வொர்க் படுத்துடும், ஆப்ல ஆட்டோ வராது. ரயில் டிக்கெட்டை முன்னாடியே டவுன்லோட் பண்ணுங்க. கூட வந்தவங்களோட ஒரு இடம் பேசி வைங்க, கேட்டுல வேணாம், கேட்டைத் தாண்டி ஒரு கடை வாசலா இருக்கட்டும். கடைசிப் பாட்டுக்கு முன்னாடி கிளம்புங்க, இல்லன்னா அரை மணி நேரம் உக்காந்துட்டுக் கிளம்புங்க. ஆட்டோக்கு ஏறும் முன்னாடியே காசு பேசிடுங்க. ரயில் விட்டுட்டா கிரீன் சர்க்கிள் கிட்ட புது பஸ் ஸ்டாண்டு, அங்க ராத்திரிலயும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் இருக்கும்.