சுகப்பிரசவம் ஆகுமா என்று கணினி முன்கூட்டியே சொல்லுமா?

"கர்ப்பிணியின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் ஏற்றி, சுகப்பிரசவமா சிசேரியனா என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே, அது உண்மையா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். முயற்சிகள் நடந்திருப்பது உண்மை. ஆனால் அந்த முடிவை மட்டும் நம்பி அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் நிலைக்கு அவை வரவில்லை.

நன்கு அறியப்பட்ட முயற்சி பிரான்சைச் சேர்ந்தது. மகப்பேறு மருத்துவர் ஒலிவியே ஆமியின் குழுவினர் 'ப்ரெடிபர்த்' என்ற மென்பொருளை 2012இல், சிகாகோவில் கூடிய வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்க மாநாட்டில் முன்வைத்தார்கள். 24 கர்ப்பிணிகளின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து தாயின் இடுப்பெலும்பையும் சிசுவையும் முப்பரிமாண உருவங்களாக அமைத்து, சிசுவின் தலை இறங்கி வரக்கூடிய 72 பாதைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டைத் தந்தார்கள். இயல்பாகப் பிரசவித்த 13 பேருக்கும் மிகச் சாதகமான மதிப்பீடே கிடைத்திருந்தது. அவசர சிசேரியன் ஐந்து பேருக்குத் தேவைப்பட்டது. அவர்களில் குழந்தை இறங்காமல் தடைப்பட்ட மூவரையும் மென்பொருள் ஆபத்தானவர்கள் என்றே குறித்திருந்தது.

என் கவனம் அந்த ஐவரில் மீதமுள்ள இருவர் மீதுதான் போகிறது. அவர்களுடைய மதிப்பீடு சாதகமாகவே இருந்தும், இதயத் துடிப்பில் ஏற்பட்ட மாறுபாட்டால் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. தலைக்கும் எலும்புக்கும் உள்ள பொருத்தத்தை அளக்கும் கருவியிடம், வலி எடுத்தபின் குழந்தையின் இதயம் எப்படித் துடிக்கும் என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. தவிர, 24 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை.

பொருத்தத்தை அளப்பதும் எளிதன்று, ஏனெனில் தலை மாறாத வடிவம் கொண்ட பொருள் அன்று. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டிக்கொள்ளாததால், நெருக்கத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை நீண்டுகொள்ளும். இதே ஆமியின் குழு, பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் மருத்துவமனையில் ஏழு பெண்களைப் பிரசவத்தின் இரண்டாம் கட்டத்திலேயே, அதாவது கருப்பைவாய் முழுதும் திறந்தபின், எம்.ஆர்.ஐ. எடுத்து, 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு சிசுக்களின் தலைகளும் உருமாறியிருந்ததைக் காட்டியது. தாயின் இடுப்பு மூட்டுகளும் கர்ப்பகாலத்தில் நெகிழ்கின்றன. குந்தி அமர்ந்தால், குழந்தை வெளிவரும் இடுப்பெலும்பின் கீழ்வாயில் விரிகிறது. மல்லாந்து படுத்த நிலையில் எடுத்த படம் இவற்றையெல்லாம் காட்டாது. இடுப்பின் அடியில் உறுப்புகளைத் தாங்கி நிற்கும் இடுப்புத்தளத் தசைகளின் கதை வேறு: அமெரிக்காவில் டிலான்சி, ஆஷ்டன்-மில்லர் ஆகியோரின் குழு 2004இல் வெளியிட்ட கணினி மாதிரியின்படி, அவற்றில் ஒரு பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது. பிரசவத்துக்குப் பிந்திய சிறுநீர்க் கசிவு, உறுப்பிறக்கம் (கருப்பை போன்ற உறுப்புகள் கீழிறங்குவது) போன்ற தொல்லைகளைப் புரிந்துகொள்ள இத்தகைய மாதிரிகள் உதவுகின்றன. என் கணிப்பில், இத்துறையின் உடனடிப் பயன் இங்கேதான் அதிகம்.

நான் எச்சரிக்கையோடு பேசுவதற்கு ஒரு பழைய அனுபவம் காரணம். கடந்த நூற்றாண்டில் எக்ஸ்ரே எடுத்து இடுப்பை அளக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. கருவிலேயே எக்ஸ்ரே பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதை இங்கிலாந்தின் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1950களில் சுட்டிக்காட்டினார். எம்.ஆர்.ஐ.யில் அத்தகைய கதிர்வீச்சு இல்லை என்பது உண்மையான முன்னேற்றம். ஆனால், எக்ஸ்ரே கொண்டு அளக்கப்பட்ட பெண்களுக்குச் சிசேரியன் கூடியதே தவிரக் குழந்தைகளுக்குத் தெளிவான நன்மை விளையவில்லை என்று பின்னாளைய ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. 'குறுகலான இடுப்பு' என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், பிறகு பொறுத்திருந்து பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இன்று பிரசவ அறையில் நடைமுறைக்கு வந்திருப்பது இதைவிட எளிய முறை. வலி வந்தபின், வெளியிலிருந்தே அல்ட்ராசவுண்ட் வைத்து, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஒரு கோணமாக அளக்கிறார்கள். அந்தக் கோணம் 120 பாகைக்கு மேல் விரிந்திருந்தால் இயல்பான பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம்.